தொடாமலே திமிங்கலத்துக்கு ஹெல்த் செக்கப்! கம்ப்யூட்டர் எப்படி உதவுகிறது?

எங்கள் விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் திருச்செந்தூருக்குத்தான் போவார்கள். 2016 ஜனவரி 11 அன்று மாலை அந்தத் திருச்செந்தூரை ஒட்டிய கல்லாமொழி, மணப்பாடு கரைகளில் பைலட் திமிங்கலங்கள் கூட்டம் கூட்டமாக ஒதுங்கின. டிவியில் செய்தி பார்த்துவிட்டு மறுநாள் நானும் என் அத்தை மகனும் சிவகாசியிலிருந்து பைக்கில் கிளம்பிப் போனோம். அப்போது நான் இன்ஜினியரிங் முதல் வருடம்.

மொத்தம் 81 திமிங்கலங்கள். மீனவர்கள் படகில் கட்டி இழுத்து 36 திமிங்கலங்களைக் கடலுக்குள் விட்டார்கள். 45 இறந்துவிட்டன. நாங்கள் போனபோது பொக்லைன் இயந்திரம் மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தது. அருகில் நின்ற ஒரு பெரியவர், "என்ன தம்பி படிக்கிய?" என்று கேட்டார். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றேன். "அப்ப இதுக்கு என்ன சீக்குன்னு உசுரோட இருக்கும்போதே கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்ல முடியாதா? செத்தப்புறம் அறுத்துப் பாத்து என்ன செய்ய?" என்றார். அவர் சின்ன வயதில் பார்த்த கதையையும் சொன்னார். 1973 ஜனவரியிலும் இதே மன்னார் வளைகுடாக் கரையில் 147 பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கியிருக்கின்றன.

"தெரியலையே தாத்தா" என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது சாப்ட்வேர் வேலையில் இருக்கிறேன். அந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் தெரியும். அதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பயப்பட வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் போட்டோ, ஆடியோ பைல்கள்தான் இங்கேயும் கதாநாயகர்கள்.

ஏன் தொடக் கூடாது?

நமக்கு உடம்பு சரியில்லை என்றால் டாக்டர் நாடி பார்ப்பார், ரத்தம் எடுப்பார், எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார். நீலத் திமிங்கலம் 25 மீட்டர் நீளமும் 100 டன்னுக்கு மேல் எடையும் உள்ள பிராணி. அதைப் படுக்க வைக்க பெட் கிடையாது. மூச்சு விடச் சில நிமிடங்கள் மேலே வரும், பிறகு மூழ்கிவிடும்.

ஒரு காலத்தில் திமிங்கலத்தின் உடம்பைப் பற்றித் தெரிந்ததெல்லாம் வேட்டையாடிக் கொன்ற திமிங்கலங்களிடமிருந்து கிடைத்ததுதான். 1986 முதல் வணிகத்துக்காகத் திமிங்கலம் பிடிப்பதற்கு உலக அளவில் தடை வந்தது. சிறிய அம்பு எய்து தோலில் ஒரு துளி சதை எடுக்கும் முறையும் உண்டு. இன்றும் அது நடக்கிறது. ஆனால் அதற்குப் படகில் மிக நெருங்கிப் போக வேண்டும், ஒரு குத்தும் விழும். ஒரே திமிங்கலத்தை அடிக்கடி கவனிக்க அது சரிப்படாது.

எனவே விஞ்ஞானிகள் வேறு வழி யோசித்தார்கள். திமிங்கலம் தானாகவே வெளியே காட்டும் விஷயங்கள் நான்கு. உருவம், மூச்சு, சாணம், குரல். இந்த நான்கையும் தொட்டுத் துன்புறுத்தாமல் எடுக்க முடியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. முதலில் ஓ.பி. சீட்டு

ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் பெயர் கேட்டுச் சீட்டுப் போடுவார்கள். போன வருடம் பார்த்த அதே திமிங்கலம்தான் இது என்று தெரிந்தால்தான் இளைத்திருக்கிறதா, தேறியிருக்கிறதா என்று சொல்ல முடியும்.

எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் காட்டில் புலிகளைக் கணக்கெடுக்க மரத்தில் தானியங்கிக் கேமரா கட்டுவார்கள். ஒரு புலியின் வரி இன்னொரு புலிக்கு இருக்காது. நம் கைரேகை மாதிரி. அதே போல ஹம்ப்பேக் திமிங்கலத்தின் வால் அடிப்பக்கத்தில் உள்ள கறுப்பு வெள்ளைத் திட்டுகளும், ஓரத்தில் உள்ள வெட்டுகளும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி.

முன்பு இந்தப் போட்டோக்களை மேஜையில் பரப்பி வைத்து, ஆள் உட்கார்ந்து கண்ணால் ஒப்பிட்டார்கள். இப்போது கம்ப்யூட்டர் செய்கிறது. 2015ல் டெட் சீஸ்மேன் என்பவர் ஹேப்பிவேல் என்ற வெப்சைட்டைத் தொடங்கினார. சுற்றுலாப் பயணிகள் எடுத்த திமிங்கலப் படங்களை இதில் அப்லோட் செய்யலாம். சாப்ட்வேர் அந்த வாலைப் பழைய படங்களோடு ஒப்பிட்டு, "இது இன்ன திமிங்கலம்" என்று சொல்லிவிடும்.

இதனால் என்ன லாபம்? 2024ல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். வட பசிபிக் கடலில் 2012ல் சுமார் 33,000 ஹம்ப்பேக் திமிங்கலங்கள் இருந்தன. 2021ல் அது சுமார் 26,600 ஆகக் குறைந்துவிட்டது. இடையில் 2014 முதல் 2016 வரை கடல் நீர் வழக்கத்தை விட அதிகமாகச் சூடானது. இரை குறைந்தது. இந்த இழப்பைக் கண்டுபிடிக்க உதவியது ஆயிரக்கணக்கான மக்கள் அனுப்பிய சாதாரண போட்டோக்கள்தான்.

இங்கே உங்களுக்கு ஒரு டிப்ஸ். டிஜிட்டல் கேமரா அல்லது செல்போனில் எடுத்த ஒரு போட்டோவை கம்ப்யூட்டரில் போட்டு, அதன் மீது ரைட் கிளிக் செய்திடுங்கள். பிராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுத்து, டீடெய்ல்ஸ் டேபைக் கிளிக் செய்தால் எடுத்த தேதி, நேரம், சில சமயம் இடம் கூட இருக்கும். ஆய்வாளர்களுக்குப் படத்தைப் போலவே இந்தத் தகவலும் முக்கியம். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், இந்தத் தகவலும் போய்விடும். டாக்குமென்ட் ஆக அனுப்புங்கள். அசல் பைலை அழித்துவிடாதீர்கள்.

2. பிக்ஸெலை எண்ணினால் உடம்பு தெரியும்

குழந்தையை ஹெல்த் சென்டருக்குத் தூக்கிப் போனால் எடை போட்டு அட்டையில் குறிப்பார்கள். திமிங்கலத்தை எடை போட முடியாது. ஆனால் மேலே ட்ரோனைப் பறக்க விட்டு நேர் கீழாகப் படம் எடுக்கலாம்.

படத்தில் இருந்து நீளம் எப்படித் தெரியும்? கணக்கு சுலபம். ஒரு ட்ரோன் கேமராவின் சென்சார் அகலம் 13.2 மில்லிமீட்டர், லென்ஸின் குவியத் தூரம் 8.8 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 1.5. அதாவது ட்ரோன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதைப் போல் ஒன்றரை மடங்கு அகலமான கடல் படத்தில் விழும். உயரம் 30 மீட்டர் என்றால் 45 மீட்டர் கடல். படத்தின் அகலம் 5,472 பிக்ஸெல். 45 மீட்டரை 5,472 ஆல் வகுத்தால் ஒரு பிக்ஸெல் சுமார் 0.82 சென்டிமீட்டர். திமிங்கலம் தலை முதல் வால் வரை 1,500 பிக்ஸெல் இருந்தால் அதன் நீளம் சுமார் 12.3 மீட்டர்! உயரத்தைத் தப்பாக எடுத்தால் எல்லாம் தப்பாகும். அதனால்தான் சில குழுக்கள் உயரம் அளக்க ட்ரோனில் தனியாக லேசர் கருவி பொருத்துகிறார்கள்.

நீளத்தோடு அகலத்தையும் உடம்பின் பல இடங்களில் அளப்பார்கள். நன்றாகச் சாப்பிட்ட திமிங்கலம் கொழுத்து அகலமாக இருக்கும். பட்டினி கிடந்தது ஒல்லியாக இருக்கும். பிரெட்ரிக் கிறிஸ்டியன்சன் தலைமையிலான குழு 2020ல் இப்படி ரைட் திமிங்கலங்களை ஒப்பிட்டது. தென் கடல்களில் வாழ்பவை நல்ல உடற்கட்டோடு இருக்க, வட அட்லாண்டிக்கில் மிஞ்சியிருப்பவை மெலிந்திருந்தன. வட அட்லாண்டிக்கில் இருப்பதே 400க்கும் குறைவு. மெலிந்த தாய் குட்டி போடுவது தள்ளிப் போகும். சாவதற்கு முன்பே எச்சரிக்கை கிடைத்துவிட்டது, பாருங்கள்.

3. மூச்சுக் காற்றைப் பிடிக்கும் ஹெலிகாப்டர்

திமிங்கலம் மேலே வந்து தலை மேல் உள்ள துளை வழியாக பூஸ் என்று மூச்சு விடும். எங்கள் ஊர்ப் புஸ்வாணம் மாதிரி. அதில் வருவது தண்ணீர் மட்டுமல்ல. நுரையீரலில் இருந்து வரும் சளித்துளி, செல்கள், கிருமிகள், ஹார்மோன்கள் எல்லாம் இருக்கும்.

மெக்சிகோவைச் சேர்ந்த கரீனா அசிவேடோ வைட்ஹவுஸ் என்ற விஞ்ஞானி, ரிமோட் மூலம் பறக்கும் சின்ன ஹெலிகாப்டரில் மூடியில்லாத கண்ணாடித் தட்டுகளைக் கட்டி, இந்த மூச்சுக்குள் பறக்க விட்டார். தட்டில் சளி ஒட்டிக்கொண்டது. லேபில் கிருமிகளைக் கண்டுபிடித்தார்கள். இதற்கு 2010ல் இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்க வைத்து, பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் பரிசு அது. 2015ல் ஓஷன் அலையன்ஸ் என்ற அமைப்பு இதையே ட்ரோனில் செய்யத் தொடங்கி, அதற்கு ஸ்நாட்பாட் என்று பெயர் வைத்தது. தமிழில் சொன்னால் சளி ரோபோ!

4. சாணம் ஒரு லேப் ரிப்போர்ட்

முகம் சுளிக்காதீர்கள். மாட்டுச் சாணத்தைப் பார்த்தே மாட்டுக்கு என்ன என்று சொல்லும் ஆட்கள் நம் கிராமங்களில் இருக்கிறார்கள். இதுவும் அப்படித்தான்.

நம் பக்கத்து நாடான இலங்கையில் நடந்ததைப் பார்ப்போம். 2003ல் ஆஷா டி வோஸ் என்ற இளம் ஆய்வாளர் ஓர் ஆராய்ச்சிக் கப்பலில் இலங்கைக் கடலில் போனார். அங்கே நீலத் திமிங்கலங்கள் கூடியிருந்தன. தண்ணீரில் சிவப்பாக ஏதோ மிதந்தது. திமிங்கலச் சாணம். நீலத் திமிங்கலங்கள் குளிர்ந்த கடலில் சாப்பிட்டுவிட்டு, வெதுவெதுப்பான கடலுக்குக் குட்டி போட மட்டும் வரும் என்றுதான் பாடம் சொன்னது. சாணம் இருக்கிறது என்றால் இங்கேயே சாப்பிடுகிறது என்றுதானே அர்த்தம்? இலங்கைத் திமிங்கலங்கள் குளிர்ந்த கடலுக்குப் போகாமல் இந்த வெப்பக் கடலிலேயே இரை தேடி வாழ்பவை என்ற கண்டுபிடிப்பு அந்தச் சாணத்தில் இருந்து தொடங்கியது.

சாணத்தில் ஹார்மோன்களும் இருக்கும். கர்ப்பமா, பசியா, மன அழுத்தமா என்று லேபில் சொல்லிவிடுவார்கள். மூழ்குவதற்குள் சாணத்தை எடுக்க வேண்டுமே? அதற்கு மோப்ப நாய்! அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் டக்கர் என்ற கறுப்பு லாப்ரடார் கலப்பின நாய், படகின் முனையில் நின்று ஓர்கா திமிங்கலச் சாணத்தை வெகு தூரத்தில் இருந்தே மோப்பம் பிடித்தது. இதில் வேடிக்கை, டக்கருக்குத் தண்ணீரில் இறங்கவே பயம்.

5. சத்தம் குறைந்த நாட்கள்

சிவகாசிக்காரனான எனக்கு இதில் மிகவும் உறைத்த விஷயம் இதுதான்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு சில நாட்கள் கப்பல் போக்குவரத்து குறைந்தது. கனடாவின் பண்டி வளைகுடாவில் அப்போது ரோசலிண்ட் ரோலண்ட் என்ற விஞ்ஞானியின் குழு ரைட் திமிங்கலச் சாணத்தைச் சேகரித்துக்கொண்டிருந்தது. வேறொரு குழு அதே இடத்தில் கடலுக்குள் ஒலியைப் பதிவு செய்துகொண்டிருந்தது. பின்னர் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். கடலுக்குள் சத்தம் 6 டெசிபல் குறைந்திருந்தது. அதே நாட்களில் சாணத்தில் மன அழுத்த ஹார்மோனும் குறைந்திருந்தது! 2012ல் இது வெளியானது. கப்பல் சத்தம் திமிங்கலத்தின் உடம்பைப் பாதிக்கிறது என்பதற்கு வலுவான ஆதாரம் இது.

6 டெசிபல் என்றால் கொஞ்சம்தானே என்று நினைக்காதீர்கள். டெசிபல் சாதாரண அளவுகோல் அல்ல. 6 டெசிபல் குறைந்தால் ஒலியின் அழுத்தம் பாதியாகிவிடும். பட்டாசுக்கும் டெசிபல் வரம்பு உண்டு. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஆனால் காற்றில் அளக்கும் டெசிபலும் தண்ணீரில் அளக்கும் டெசிபலும் வேறு வேறு அடிப்படையில் கணக்கிடப்படுபவை. இரண்டையும் நேராக ஒப்பிட வேண்டாம்.

சத்தம் எங்களுக்குச் சோறு போடும் தொழில். அதே சமயம் தீபாவளி இரவில் எங்கள் வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் நடுங்குவதையும் பார்த்திருக்கிறேன். தீபாவளி ஒரு நாளில் முடிந்துவிடும். கப்பல் பாதையில் வாழும் திமிங்கலத்துக்குத் தினமும் தீபாவளி.

இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனைக்கு அருகில் உலகின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று போகிறது. நீலத் திமிங்கலங்கள் இரை தேடும் இடமும் அதுவே. கப்பல் மோதியும் இறக்கின்றன. எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் நிறுவனம் 2022ல் தன் கப்பல்களைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே தள்ளிப் போகச் செய்தது. திமிங்கலங்கள் எங்கே கூடுகின்றன என்று கணக்கெடுத்து வைத்திருந்ததால்தான் அதைக் கேட்டுப் பெற முடிந்தது.

6. வெடிகுண்டைக் கேட்கும் காது

யாராவது ரகசியமாக அணுகுண்டு வெடித்துப் பார்த்தால் கண்டுபிடிக்க, கடலுக்குள் மைக்குகள் வைத்திருக்கிறார்கள். அணு சோதனைத் தடை ஒப்பந்த அமைப்பின் இந்த மைக்குகள் இந்தியப் பெருங்கடலில் டீகோ கார்சியா தீவருகிலும், ஆஸ்திரேலியாவின் லீவின் முனையருகிலும் உள்ளன. இரவு பகலாகக் கேட்டுக்கொண்டே இருக்கும் இவற்றில் திமிங்கலங்களின் பாட்டும் பதிவாகிறது.

ஒலியைக் கம்ப்யூட்டரில் சேமிக்க, அதை விநாடிக்குப் பல முறை அளந்து எண்ணாக மாற்றுவார்கள். ஆடியோ சிடியில் விநாடிக்கு 44,100 முறை. இந்தக் கடல் மைக்குகளில் 250 முறைதான். அளக்கும் எண்ணிக்கையில் பாதி வரை உள்ள ஒலி பதிவாகும். 250 என்றால் 125 ஹெர்ட்ஸ் வரை. நீலத் திமிங்கலத்தின் அடிக்குரலுக்கு அதுவே போதும். பைலும் சிறியதாக இருக்கும், வருடக்கணக்கில் சேமிக்கலாம்.

2021ல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறக்குறைய இருபது வருடப் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் அலசி, இதுவரை தெரியாத ஒரு நீலத் திமிங்கலக் கூட்டம் இருக்கலாம் என்று பாட்டை வைத்தே கண்டுபிடித்தார்கள். அந்தப் பாட்டு இலங்கைக் கடல் வரை கேட்கிறது. அதே 2021ல் திவ்யா பணிக்கர் என்ற ஆய்வாளர், நம் லட்சத்தீவின் கவரத்தி அருகே 2018 இறுதி முதல் 2020 தொடக்கம் வரை பதிவு செய்ததில் நீலத் திமிங்கலப் பாட்டு இருப்பதை வெளியிட்டார்.

குரலை வைத்து ஒரு திமிங்கலத்துக்குக் காய்ச்சலா என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு கூட்டம் வருடா வருடம் வருகிறதா, எந்த மாதத்தில் வருகிறது, அந்த இடத்தில் எவ்வளவு இரைச்சல் என்று சொல்லலாம். வழக்கம் மாறினால் அதுவே முதல் எச்சரிக்கை.

நீங்களும் செய்து பார்க்கலாம்

1. ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரை அதன் சொந்த வெப்சைட்டில் இருந்து மட்டும் டவுண்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள். கண்ட தளங்களில் இருந்து இறக்கினால் வைரஸ் சேர்ந்து வரலாம்.

2. அமெரிக்கக் கடல் ஆய்வு நிறுவனமான நோவாவின் வெப்சைட்டில் நீலத் திமிங்கல ஒலி பைல்கள் இலவசமாகக் கிடைக்கும். ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள்.

3. ஆடாசிட்டியில் பைல் மெனு சென்று ஓப்பன் மூலம் அதைத் திறந்திடுங்கள். ஏற்ற இறக்கமான அலை வடிவம் தெரியும்.

4. அலைக்கு இடப்புறம் உள்ள பெயரைக் கிளிக் செய்து ஸ்பெக்ட்ரோகிராம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இப்போது தெரிவது ஒலியின் படம். இடமிருந்து வலம் நேரம். கீழே தடித்த குரல், மேலே கீச்சுக் குரல். பளிச்சென்று இருக்கும் இடத்தில் சத்தம் அதிகம். படம் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தால், அதே மெனுவில் உள்ள செட்டிங்ஸில் அதிகபட்ச ஹெர்ட்ஸ் அளவைக் குறைத்திடுங்கள்.

5. காதில் ஒன்றும் விழவில்லையா? ஸ்பீக்கர் ரிப்பேர் என்று நினைக்க வேண்டாம். சின்ன ஸ்பீக்கரில் இவ்வளவு அடிக்குரல் வராது. எபெக்ட் மெனுவில் வேகத்தை மாற்றும் வசதியில் 10 என்று கொடுத்தால் 20 ஹெர்ட்ஸ் ஒலி 200 ஹெர்ட்ஸ் ஆகிக் கேட்கும். சில பைல்கள் ஏற்கெனவே வேகப்படுத்தப்பட்டவை. பக்கத்தில் உள்ள குறிப்பைப் படித்துவிட்டுச் செய்யவும்.

6. தீபாவளிக்குத் தள்ளி நின்று ஒரு வெடிச் சத்தத்தைச் செல்போனில் வேவ் பைலாகப் பதிந்து இதே போல் திறந்து பாருங்கள். வெடி மேலிருந்து கீழ் வரை ஒரே செங்குத்துக் கோடாக விழும். திமிங்கலப் பாட்டு படுக்கைக் கோடுகளாக நீளும். கடலில் பதிந்த கப்பல் ஒலி கிடைத்தால் அதையும் திறந்து பாருங்கள். அடியில் புகை மூட்டம் போலப் பரவியிருக்கும். திமிங்கலத்தின் கோடு இருக்க வேண்டிய இடமும் அதே அடிப்பகுதிதான். கப்பல் சத்தம் ஏன் தொல்லை என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

கரையில் ஒதுங்கினால்

உயிருள்ள திமிங்கலம் அல்லது டால்பின் கரையில் கிடந்தால் உடனே வனத்துறைக்கோ கடலோரப் போலீசுக்கோ சொல்லுங்கள். உடம்பை ஈரத் துணியால் மூடி வையுங்கள். தலை மேல் உள்ள மூச்சுத் துளையில் தண்ணீரோ மணலோ போகக் கூடாது. வாலைப் பிடித்து இழுக்காதீர்கள். கூட்டத்தை விலக்கி, தேதியும் இடமும் பதிவாகும்படி இரண்டு போட்டோ எடுங்கள். செல்பிக்கு ஏறி நிற்க வேண்டாம்.

ஒரு தடவை எடுத்த போட்டோவோ ஒலியோ பெரிதாக ஒன்றும் சொல்லாது. குழந்தையின் எடை அட்டை மாதிரி வருடா வருடம் சேர்ந்தால்தான் எங்கே சரிகிறது என்று தெரியும். மணப்பாட்டுப் பெரியவரை மறுபடி பார்த்தால், "முடியும் தாத்தா, ஆனா நல்லா இருக்கும்போதே கணக்கு எழுதி வைக்கணும்" என்று சொல்வேன். அந்தக் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி எழுத, உங்கள் வீட்டு மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரே போதும்.